குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேசும் தன்னார்வலர் அமைப்பு: நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவில் உங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதியில்) இயங்கும் சி.ஏ.எஸ்.ஏ. (Court Appointed Special Advocates, நீதிமன்றம் நியமிக்கும் சிறப்புத் தன்னார்வலர்கள்) அமைப்பின் நிர்வாகக் குழுவில் சேர உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறதா? முதலில் அந்த அமைப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கொடுமையாலோ புறக்கணிப்பாலோ வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவரை நீதிபதி நியமிக்கிறார். அவர் குழந்தையை நேரில் பார்க்கிறார், டீச்சர், டாக்டர், உறவினர் என்று எல்லாரிடமும் பேசுகிறார், அதன்பின் இந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறார். 1977இல் சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி தொடங்கிவைத்த முறை இது. 1982இல் தேசிய சங்கம் உருவானது.

அந்த அறிக்கையை நீதிபதி நம்பினால்தான் குழந்தைக்குப் பலன். "இவரைத் தேர்ந்தெடுத்தது யார்? பின்னணியைச் சரிபார்த்தீர்களா? இவரை யார் கண்காணிக்கிறார்கள்?" என்று பெற்றோர் தரப்பு வக்கீல் கேட்டால், அமைப்பின் கோப்பில் பதில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு ஒழுங்காக இருப்பது நிர்வாகக் குழுவின் பொறுப்பு.

படி 1: காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

முதல் கூட்டத்துக்கு முன்பே பைலா (அமைப்பின் உள்விதிகள்), 501(சி)(3) எனப்படும் தொண்டு நிறுவன வரிவிலக்குக் கடிதம், ஆண்டுதோறும் வரித்துறைக்கு அனுப்பும் 990 படிவங்கள் கடைசி மூன்று ஆண்டுகளுக்கு, தணிக்கை அறிக்கை, காப்பீட்டுப் பத்திரம், நீதிமன்றத்துடன் செய்துகொண்ட எழுத்துபூர்வ ஒப்பந்தம், தேசிய சங்கத்தின் தரநிலைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், இது உங்கள் உரிமை. எல்லா மாநிலத்திலும் தனி அமைப்பு இருக்காது. ஃப்ளோரிடாவிலும் வட கரோலினாவிலும் இந்தப் பணியை மாநில அரசின் கீழுள்ள அலுவலகமே நடத்துகிறது. வேறொரு பெரிய அமைப்பின் ஒரு பிரிவாக இயங்கும் இடங்களும் உண்டு. அப்படியானால் இறுதி முடிவு எடுப்பது யார் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: சொந்த நலன் எங்கே குறுக்கிடும் என்று எழுதுங்கள்

உங்கள் சொந்த நலன் அமைப்பின் வேலையில் குறுக்கிடுவதுதான் நலமுரண். அதைத் தெரிவிக்கும் படிவத்தில் ஆண்டுதோறும் எல்லா உறுப்பினரும் கையெழுத்திடுவார்கள். பலர் "எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அமைப்பின் வாடகைக் கட்டடம் உங்களுடையதா என்பது மட்டும் இங்கே கேள்வி அல்ல. உங்கள் வக்கீல் அலுவலகம் இதே நீதிமன்றத்தில் பெற்றோருக்காக ஆஜராகிறதா? நீங்கள் இதே கவுண்டியில் வளர்ப்புப் பெற்றோராக உரிமம் பெற்றவரா? உங்கள் மனைவியோ கணவரோ குழந்தைகள் நலத் துறையில் வேலை செய்கிறாரா? இவை குற்றங்கள் அல்ல. ஆனால் மறைத்துவைத்தால், பிற்பாடு ஒரு தன்னார்வலரின் நேர்மையான அறிக்கைமீது சந்தேகம் விழ அதுவே காரணமாகிவிடும்.

அத்தகைய விஷயம் விவாதத்துக்கு வரும்போது, சம்பந்தப்பட்டவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். கூட்டக் குறிப்பில் அது இப்படி இருக்கட்டும்: "உறுப்பினர் தன் தொடர்பைத் தெரிவித்து 6:40க்கு வெளியேறினார். மீதி ஆறு பேர் வாக்களித்தனர். 6:55க்குத் திரும்பினார்." இந்த மூன்று வரி போதும். குழந்தைகள் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி இந்தக் குழுவில் உட்காரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

படி 3: குழந்தையின் கதையைக் கூட்டத்துக்கு வெளியே வையுங்கள்

புதியவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான படி இதுதான். "நாம் காப்பாற்றும் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடாதா?" என்று மனசு கேட்கும். கூடாது. வழக்கு விவரங்கள் சட்டப்படி ரகசியம். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்து, "இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண், அம்மா சிறையில், இப்போது அத்தை வீட்டில்" என்று குழுவுக்கான அறிக்கையில் எழுதினால், சின்னக் கவுண்டியில் அது யார் என்று பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். நன்கொடை விழாவில் சொல்லும் கதைகளுக்கும் இதே விதி.

ஒரு தன்னார்வலரின் பரிந்துரை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும் நிர்வாகக் குழு அதில் தலையிட முடியாது. அது தன்னார்வலருக்கும் அவருடைய மேற்பார்வையாளருக்கும் இடையிலான வேலை.

படி 4: எண்களைக் கேளுங்கள்

கதைக்குப் பதிலாக நிர்வாக இயக்குநரிடம் காலாண்டுக்கு ஒரு முறை ஒரு பக்க அறிக்கை கேளுங்கள். தேசியத் தரநிலைகளின் வழக்கமான அளவுகளோடு அதை ஒப்பிடலாம். வழக்கு ஒப்படைக்கும் முன் 30 மணி நேரப் பயிற்சி, பிறகு ஆண்டுக்கு 12 மணி நேரம். ஒரு தன்னார்வலருக்கு ஒரே நேரத்தில் பொதுவாக இரண்டு வழக்குக்கு மேல் வேண்டாம். குழந்தையை மாதம் ஒரு முறையாவது நேரில் பார்த்தாக வேண்டும். முழுநேர மேற்பார்வையாளர் ஒருவருக்கு 30 தன்னார்வலர் அல்லது 45 வழக்குகள்தான் உச்சம்.

இதில் கடைசி எண்ணை மட்டும் ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள். காத்திருக்கும் குழந்தைகளின் பட்டியல் நீளும்போது, "இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்வோமே" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் மேற்பார்வையாளருக்கு நேரம் இல்லாவிட்டால், மூன்று மாதமாகக் குழந்தையைப் பார்க்காத தன்னார்வலர் யார் கண்ணிலும் பட மாட்டார். பட்டியல் நீண்டால் இன்னொரு மேற்பார்வையாளருக்குப் பணம் தேடுவதுதான் குழுவின் வேலை.

பின்னணிச் சோதனையில் விதிவிலக்கு கிடையாது. குற்றப் பதிவு, பாலியல் குற்றவாளிகள் பட்டியல், மாநிலம் அனுமதித்தால் குழந்தைக் கொடுமைப் பதிவேடு என எல்லாம் பார்த்தாக வேண்டும். சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதவரைச் சேர்க்க முடியாது, அவர் நன்கொடையாளரின் தம்பியாக இருந்தாலும்.

படி 5: பணம், அப்புறம் காலண்டர்

வரவுசெலவை மாதாமாதம் பாருங்கள். செக் எழுதுபவரும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அரசு மானியத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் நீதி அமைச்சகம் தேசிய சங்கத்துக்கான மானியங்களைத் திடீரென நிறுத்தியது. சில மாதச் சம்பளத்துக்காவது கையிருப்பு இருந்தால்தான் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளில் குழந்தைகள் பாதியில் ஆளில்லாமல் நிற்க மாட்டார்கள்.

990 படிவம் நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15ஆம் தேதிக்குள் போக வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். நலமுரண் கொள்கை, முறைகேட்டை வெளியே சொல்பவருக்கான பாதுகாப்பு, ஆவணங்களை எத்தனை நாள் வைத்திருப்பது ஆகிய மூன்றும் உங்களிடம் எழுத்தில் உண்டா என்றும் அந்தப் படிவம் கேட்கும். எனவே அதை அனுப்புவதற்கு முந்தைய கூட்டத்தில் இந்த மூன்று கொள்கைகளையும் மேசையில் வைத்து, எல்லாரும் வாசித்து, வாசித்த தேதியைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். நிர்வாக இயக்குநரின் ஆண்டு மதிப்பீட்டையும் அதே மாதத்தில் வைத்துக்கொண்டால் மறந்துபோகாது.