லேத் வாங்கும் முன் சங்கத்துக்குப் போங்கள்: முதல் கூட்டத்திலிருந்து முதல் பம்பரம் வரை

கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை, பம்பரம். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் எடுக்கும் இந்த வேலைக்கு நம் ஊரில் கடைசல் என்று பெயர். கடைசல் பிடித்த தூண் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் பழகியிருக்கும். நம் ஊரில் அது பிழைப்புக்கான தொழில். பெரும்பாலும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், இல்லை என்றால் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான், அலுவலக வேலை பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இதை ஆசைக்குச் செய்வதையும், அதற்காக ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருப்பதையும் பார்த்தேன்.

எனக்கு அது தெரிய வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். முதலில் மரத்தைச் சுழற்றும் இயந்திரமான லேத் ஒன்றைச் சிறியதாகவும், எட்டு உளி கொண்ட ஒரு பெட்டியையும் வாங்கிவிட்டேன். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே உளி மரத்தில் சிக்கி, கட்டை பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து கராஜ் சுவரில் மோதியது. ஆறு மாதம் அந்த இயந்திரத்தைத் தொடவில்லை. அப்புறம் சங்கத்துக்குப் போனபோது எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் என் உளியை வாங்கி, கட்டைவிரலால் அதன் வெட்டும் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் தீட்டப்படவே இல்லையே" என்றார். கடையிலிருந்து வரும் உளியை அப்படியே பயன்படுத்தக் கூடாது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் தீட்டிக் கொடுத்தார். அன்று மரத்திலிருந்து வந்தது தூள் அல்ல, நாடா போல நீளமான சுருள். அதனால்தான் இந்தப் பதிவை லேத்திலிருந்து தொடங்காமல் சங்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: சங்கத்தைக் கண்டுபிடியுங்கள்

அமெரிக்காவில் இருந்தால் எளிது. அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் வுட்டர்னர்ஸ் என்ற அமைப்பு 1986ல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு டென்னசி மாநிலம் கேட்லின்பர்க்கில் உள்ள ஆரோமாண்ட் கைவினைப் பள்ளியில் கடைசல்காரர்கள் கூடிய மாநாட்டில்தான் அதற்கு வித்து விழுந்தது. இன்று மினசோட்டாவின் செயின்ட் பால் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்புக்கு 350க்கும் மேற்பட்ட கிளைச் சங்கங்கள் இருக்கின்றன. அதன் தளத்தில் உங்கள் பகுதியைக் கொடுத்தால் அருகிலுள்ள கிளை தெரியும். பிரிட்டனில் இருப்பவர்கள் அசோசியேஷன் ஆஃப் வுட்டர்னர்ஸ் ஆஃப் கிரேட் பிரிட்டன் வழியாகத் தேடலாம்.

சேர்வதற்கு முன் ஒரு கூட்டத்துக்கு விருந்தினராகப் போங்கள். பெரும்பாலான சங்கங்கள் அதை வரவேற்கின்றன. ஆண்டுச் சந்தா ஒரு நல்ல உளியின் விலைக்குள் முடிந்துவிடும்.

படி 2: முதல் கூட்டத்தில் எங்கே பார்க்க வேண்டும்

கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கும். முதலில் சங்கக் கணக்கு வழக்கு, அறிவிப்புகள். அப்புறம் உறுப்பினர்கள் செய்து கொண்டுவந்ததை மேசையில் வைத்து, அது என்ன மரம், எப்படிச் செய்தேன், எங்கே சறுக்கியது என்று சொல்வார்கள். இந்த மேசை முன்னால்தான் நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டும். தேர்ந்தவரின் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே போன மாதம் சேர்ந்தவரின் பேனாவும் இருக்கும். எடுத்துப் பாருங்கள், கையில் எடை போட்டுப் பாருங்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உப்புத்தாள் போட்ட கீறல் தெரிகிறதா, சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால், ஒரு மாதம் காணொளி பார்த்தாலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

கடைசியாகச் செய்முறை விளக்கம். யாராவது ஒருவர் லேத்தில் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்டுவார். பெரிய திரையில் அவர் கை அருகில் தெரியும்படி கேமரா வைத்திருப்பார்கள். மரத்தைப் பார்க்காதீர்கள். அவர் கால் எப்படி நிற்கிறது, உளியின் கைப்பிடி எப்போது தாழ்கிறது, உடம்பு எப்படிச் சாய்கிறது என்று பாருங்கள். உளியை நகர்த்துவது கையல்ல, இடுப்பு என்பது அப்போதுதான் புரியும்.

சில சங்கங்களில் ஓர் அழகான வழக்கம் உண்டு. செய்து காட்டிய பொருளைச் சீட்டுக் குலுக்கி ஒருவருக்குக் கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த மாதம் தான் செய்த ஒன்றைக் கொண்டுவந்து குலுக்கலுக்கு வைக்க வேண்டும். உறுப்பினர்கள் வெட்டிக் கொண்டுவரும் மரக்கட்டைகளும் இப்படிக் கை மாறும். புயலில் விழுந்த செர்ரி, மேப்பிள், வால்நட் எல்லாம் எனக்கு இப்படித்தான் கிடைத்தன. மரம் காசு கொடுத்து வாங்கியது குறைவு.

படி 3: வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள்

வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது: "புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்?" பல சங்கங்களில் அதற்கென்றே ஆட்களின் பட்டியல் இருக்கும். சிலர் தங்கள் வீட்டுப் பட்டறைக்கே வரச்சொல்வார்கள். சில சங்கங்கள் சனிக்கிழமைகளில் பொதுப் பட்டறையைத் திறந்து வைக்கின்றன. அங்கே சங்கத்தின் லேத்திலேயே பழகலாம். அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது முதலில் நாக்கில் வராது. அங்கே அதுதான் மரியாதை, பழகிவிடும்.

பெண்களுக்கென்று அமெரிக்கச் சங்கத்தில் 'விமன் இன் டர்னிங்' என்ற தனிக் குழுவும் இருக்கிறது.

படி 4: முகம், நுரையீரல், சட்டைக் கை

இங்கே அவசரப்படாதீர்கள். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுவதையும் மூடும் கவசம் வேண்டும். பறக்கும் கட்டை கண்ணை மட்டும் குறிபார்த்து வராது. முழுக்கைச் சட்டையானால் மணிக்கட்டில் இறுக்கமாக இருக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, துப்பட்டா எதுவும் கூடாது. நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கையுறை போடவே கூடாது, சுழலும் மரம் அதைப் பிடித்தால் கையோடு இழுத்துக்கொள்ளும்.

மரத்தூள் சாதாரணத் தூசி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. உப்புத்தாள் போடும்போது என்95 முகமூடியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

லேத்தை முடுக்கும் முன் மூன்று காரியம். மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். வேகத்தைக் குறைத்து வையுங்கள். மரம் பறந்தால் எந்தத் திசையில் வருமோ அந்த நேர்கோட்டிலிருந்து விலகி நில்லுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளோடு பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. இது நன்றாக உருண்டுவிட்ட மரத்துக்குத்தான். சதுரமாக இருக்கும்போது இதைவிடவும் குறைவாகவே தொடங்குங்கள்.

படி 5: உளியை மரத்தில் வைக்கும் முறை

எல்லாச் சங்கங்களிலும் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் ஒன்றுதான். லேத்தில் மரத்துக்கு முன்னால், உளியை வைத்துப் பிடிக்க ஒரு தாங்கி இருக்கும், உளியை முதலில் அதில் ஊன்றுங்கள். அடுத்து உளியின் வாய்க்குப் பின்னால் சாய்வாகத் தீட்டியிருக்கும் பகுதி, அதைப் பெவல் என்பார்கள், அது சுழலும் மரத்தில் உரசட்டும். இந்த நிலையில் உளி வெட்டாது. இப்போது கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். வாய் மரத்தைத் தொடும் இடத்தில் சுருள் எழும்பும். இந்த வரிசை மாறி வாய் முதலில் மரத்தைத் தொட்டால் உளி உள்ளே பாய்ந்துவிடும். என் கராஜ் சுவரில் நடந்தது அதுதான்.

இன்னும் ஒரு விதி: பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்தை நோக்கியே வெட்டுங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது போல. எதிர்த்து ஏறினால் மரத்தின் இழை பிய்ந்து வரும்.

படி 6: முதல் பம்பரம்

பல சங்கங்கள் புதியவர்களுக்கு முதல் வேலையாகப் பம்பரம் கொடுக்கின்றன. ஊர்த் திருவிழாக்களில் லேத்தைக் கொண்டுபோய் வைத்து, பம்பரம் செய்து குழந்தைகளுக்குக் கொடுக்கும் சங்கங்களும் உண்டு. நம் ஊர்ச் சாட்டைப் பம்பரம் அல்ல, காம்பை விரலால் திருகிச் சுற்றுவது. சிறிய மரம், அரை மணி நேர வேலை, உளியின் எல்லா அடிப்படை அசைவும் அதில் வந்துவிடும்.

தேவையானவை: 2 அங்குலச் சதுரத்தில் 5 அங்குல நீளமான காய்ந்த மேப்பிள் அல்லது செர்ரிக் கட்டை, இழை நீளவாக்கில் ஓடுவதாக. ரஃபிங் கௌஜ் (சதுரத்தை உருளையாக்கும் உளி), ஸ்பிண்டில் கௌஜ் (உருவம் எடுக்கும் உளி), பார்ட்டிங் உளி (ஒடுக்கமாக வெட்டி இறக்கும் உளி). லேத்தில் மாட்டி மரத்தைக் கவ்விப் பிடிக்கும், நான்கு தாடை உள்ள சக்.

கட்டையின் இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையத்தைக் குறியுங்கள். இடப்பக்கம் சுழற்றும் முனை, வலப்பக்கம் டெயில்ஸ்டாக், அதாவது மறுமுனைக்கு முட்டுக் கொடுக்கும் நகரும் பாகம். இரண்டுக்கும் நடுவில் கட்டையை இறுக்கமாகப் பொருத்துங்கள். தாங்கியை மரத்திலிருந்து கால் அங்குலத்துக்குள் நகர்த்தி வையுங்கள். 800 சுற்றில் தொடங்குங்கள்.

ரஃபிங் கௌஜால் மூலைகளைச் சீவி உருளையாக்குங்கள். வலது முனைக்குச் சற்று உள்ளே தொடங்கி வெளியே போகும்படி சின்னச் சின்ன வெட்டுகள். டக் டக் என்ற சத்தம் நின்று ஒரே சீராகக் கேட்டால் மரம் உருண்டுவிட்டது என்று பொருள். இப்போது வேகத்தை 1500 வரை கூட்டலாம். ஓர் எச்சரிக்கை: இந்த உளியைக் கிண்ண வேலைக்கு எடுக்கவே கூடாது. கைப்பிடிக்குள் நுழையும் அதன் அடிப்பகுதி மெலிதானது. கிண்ணத்தில் இழை குறுக்காக ஓடுவதால் அடி பலமாக விழும், உளி ஒடியும்.

இடது முனையில் பார்ட்டிங் உளியால் சக்கின் தாடைக்குள் அடங்கும் அளவில் ஒரு குமிழ் வெட்டுங்கள். லேத்தை நிறுத்தி, கட்டையைக் கழற்றி, குமிழைச் சக்கில் கடித்து இறுக்குங்கள். டெயில்ஸ்டாக்கைத் திரும்பவும் கொண்டுவந்து முட்டுக் கொடுங்கள்.

வலது முனைதான் பம்பரத்தின் கூர். அங்கிருந்து உடலுக்கு ஓர் அங்குலம், காம்புக்கு ஒன்றரை அங்குலம் என்று பென்சிலால் குறியுங்கள். ஸ்பிண்டில் கௌஜால் அடிப்பாகத்தைக் கூர் நோக்கிச் சரிவாக இறக்குங்கள். அகலமாகவும் தட்டையாகவும் விட்டால் நெடுநேரம் சுற்றும், ஏனென்றால் எடை விளிம்பில் இருக்கும், ஈர்ப்பு மையமும் தரைக்கு அருகில் இருக்கும். உயரமாக விட்டால் சீக்கிரம் தள்ளாடும். உருவம் வந்ததும் டெயில்ஸ்டாக்கை விலக்கி, கூரை மெல்லிய வெட்டுகளால் முடியுங்கள். அப்புறம் மேல்பக்கத்தை உருட்டுங்கள். காம்பை இப்போதைக்குத் தடிமனாகவே விட்டுவையுங்கள், அதுதான் பம்பரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

தாங்கியைக் கழற்றிவிட்டு உப்புத்தாள்: 120, 180, 240, 320 என்ற எண்களில், சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு வரிசையாக. தாளை விரலில் சுற்றாதீர்கள். 120லேயே கீறல் போகவில்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்ப் பயனில்லை.

வண்ணம் பூச, சுழலும் பம்பரத்தில் ஸ்கெட்ச் பேனா முனையைத் தொட்டாலே வட்டக்கோடு விழும். அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளிலும் கர்நாடகத்தின் சன்னபட்டணம் பொம்மைகளிலும் வண்ணம் ஏறும் விதம் வேறு. வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். சன்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். என் சங்கத்தில் ஒருமுறை இதைப் பற்றிப் பேசினேன். அடுத்த கூட்டத்தில் செய்து காட்டச் சொன்னார்கள். அரக்கு தேடி அலைந்தது தனிக் கதை.

கடைசியாகக் காம்பை வலமிருந்து இடமாகக் கால் அங்குலத்துக்கு மெலிதாக்குங்கள். உளியாலேயே வெட்டி எடுக்க வேண்டாம். லேத்தை நிறுத்திவிட்டு மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்து எடுங்கள். அறுத்த முனையைக் கையாலேயே உப்புத்தாளில் தேய்த்தால் போதும்.

படி 7: அதற்குப் பிறகு

உளி தீட்டுவதை ஒரு முழு நாள் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள். சங்கத்தின் சாணைச் சக்கரத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வாரம் விடுப்பு எடுக்க முடிந்தால், வட கரோலினாவின் பிராஸ்டவுனில் 1925 முதல் நடக்கும் ஜான் சி. கேம்ப்பெல் ஃபோக் ஸ்கூலில் தங்கிப் படிக்கும் கடைசல் வகுப்புகள் உண்டு. டெக்சஸின் வேக்கோ நகரில் ஸ்வாட் என்ற வட்டார மாநாடு நடக்கிறது. அங்கே ஒரே நேரத்தில் பல அறைகளில் செய்து காட்டுவார்கள்.

கை கொஞ்சம் தேறியதும் சங்கத்தின் தொண்டு வேலையில் சேருங்கள். கடும் நோயோடு போராடும் குழந்தைகளுக்கு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் கோக்கும் பாசிமணி ஒன்று கொடுக்கும் 'பீட்ஸ் ஆஃப் கரேஜ்' என்ற திட்டம் இருக்கிறது. அந்த மணிகளைப் போட்டு வைக்க மூடியுள்ள மரப்பெட்டிகளைப் பல சங்கங்கள் கடைந்து கொடுக்கின்றன. மூடி சின்னக் கைக்கு எளிதாகத் திறக்க வேண்டும், அதே சமயம் தானாகக் கழன்று விழவும் கூடாது. என் முதல் இரண்டு பெட்டிகளை வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவதை வாங்கி, இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மற்றப் பெட்டிகளோடு வைத்தார்.

உங்கள் பம்பரத்தை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் எடுத்துச் சுற்றிப் பார்ப்பார். அவரிடம், "இதில் எதை மாற்றிச் செய்யலாம்?" என்று கேளுங்கள்.