பக்கனியர் விமானத்தைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டோரியாவுக்கு அருகிலுள்ள ஸ்வார்ட்கோப் வான்படை அருங்காட்சியகத்தைப் பார்த்து வரும் டர்பன் பிள்ளைகள், தமிழ் வகுப்புக் கட்டுரைக்கு அங்கு நிற்கும் பக்கனியர் என்ற பழைய போர்விமானத்தை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் இரண்டு வரலாறுகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, பிரிட்டிஷ் கடற்படைக்காக அது உருவான வரலாறு; மற்றொன்று, விமானந்தாங்கிக் கப்பலையே காணாமல் அது நம் தென்னாப்பிரிக்காவில் பறந்த வரலாறு.

மிகப் பெரிய தவறு, முதல் வகையான எஸ்.1 சந்தித்த தொல்லைகளைக் கொண்டு விமானத்தின் வடிவமைப்பே பிழையானது என்று தீர்ப்பளிப்பது. சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லோவ் வகைப் போர்க்கப்பல்களைத் தாக்க, ரேடாரின் கண்ணில் படாதபடி அலைகளை ஒட்டித் தாழ்வாக, ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் பறக்கும் விமானம் வேண்டுமென்று பிரிட்டிஷ் கடற்படை 1950களின் தொடக்கத்தில் கேட்டது. தாழ்வான உயரத்தில் விரைந்து பறக்கச் சிறிய இறக்கை வேண்டும். கப்பல் தளத்தில் மெதுவாக இறங்கவோ பெரிய இறக்கை வேண்டும். இந்த முரண்பாட்டை, விமானத்தை வடிவமைத்த பிளாக்பர்ன் நிறுவனம் தீர்த்த வழி அருமையானது. எஞ்சினில் அழுத்தப்பட்ட சூடான காற்றில் ஒரு பகுதியை எடுத்து, இறக்கையிலும் வாலிலும் உள்ள மெல்லிய பிளவுகள் வழியாக மேற்பரப்பின்மீது பீய்ச்சினார்கள். காற்றோட்டம் பிரியாமல் ஒட்டி ஓடியதால், சிறிய இறக்கையே குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கியது. 1958 ஏப்ரல் 30 அன்று முதன்முதலாகப் பறந்த மாதிரி விமானத்தில் இந்த ஏற்பாட்டுக்கான வடிவம் இருந்தது.

ஆனால் அந்தக் காற்றை விட்டுக்கொடுக்கும் எஞ்சின் தன் வலிமையில் ஒரு பங்கை இழக்கிறது. எஸ்.1 விமானத்தில் இருந்த இரண்டு கைரான் ஜூனியர் எஞ்சின்களும் ஒவ்வொன்றும் சுமார் 7,100 பவுண்டு உந்துவிசை மட்டுமே தந்ததால், இழப்பதற்கு அவற்றிடம் மிச்சம் எதுவும் இல்லை. முழு எரிபொருளும் முழு ஆயுதச் சுமையும் சேர்ந்தால் தளத்தை விட்டுக் கிளம்ப முடியாது. ஆகவே எரிபொருளைக் குறைத்துக்கொண்டு கிளம்பி, வானில் சிமிட்டர் என்ற வேறு வகைக் கடற்படை விமானங்களிடமிருந்து நிரப்பிக்கொண்டார்கள். இதை ஒரு திறமையான போர்த்தந்திரமாகப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. அது வலுவில்லாத எஞ்சினுக்குக் கண்டுபிடித்த ஒட்டுவேலை, அவ்வளவுதான். 1970 டிசம்பரில் அடுத்தடுத்து நேர்ந்த இரு விபத்துகளுக்குப் பிறகு எஸ்.1 விமானங்கள் நிரந்தரமாகத் தரையிறக்கப்பட்டன.

இதற்கு மாறாக, அதே உடலில் ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பே எஞ்சின்களைப் பொருத்திய அடுத்த வகையான எஸ்.2, ஒவ்வோர் எஞ்சினிலும் சுமார் 11,100 பவுண்டு விசையைப் பெற்றது. எரிபொருள் செலவும் குறைந்து, பறக்கும் தூரம் கூடியது. முதலில் இதை வேண்டாமென்று ஒதுக்கிய பிரிட்டிஷ் வான்படையே, டிஎஸ்ஆர்-2 என்ற தாக்குதல் விமானத் திட்டமும், அமெரிக்க எஃப்-111 விமானங்களை வாங்கும் திட்டமும் கைவிடப்பட்டபின் இதை ஏற்றுக்கொண்டு, 1991 வளைகுடாப் போரிலும் பயன்படுத்தியது. வடிவமைப்பு பிழையாக இருந்திருந்தால் இது நடந்திராது.

தென்னாப்பிரிக்கா வாங்கிய எஸ்.50, இந்த எஸ்.2 விமானத்தின் வழிவந்தது, அதை எஸ்.1 என்று எழுதக்கூடாது. அதன் பின்புறத்தில் இருந்த இரு சிறிய ராக்கெட் எஞ்சின்களைக் காட்டி, ‘ஸ்பே எஞ்சினும் போதவில்லை’ என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. இவை நின்ற வாட்டர்க்ளூஃப் வான்படைத் தளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை வெப்பத்தில் அங்கே காற்று மேலும் அடர்த்தி குறைவதால், கிளம்பும்போது சுமார் 30 விநாடிகள் கூடுதல் விசை தருவதற்காகவே அவை பொருத்தப்பட்டன.

16 விமானங்கள் வாங்கப்பட்டன. ஒன்று வரும் வழியிலேயே விபத்துக்குள்ளானதால் 15 மட்டுமே வந்து சேர்ந்தன. மேலும் வாங்குவதற்கு பிரிட்டிஷ் பிரதமர் ஹரோல்ட் வில்சனின் அரசு இடம் கொடுக்கவில்லை. கேப் முனையைச் சுற்றியுள்ள கடல்வழியைக் காப்பதற்கென்று, பிரிட்டனும் தென்னாப்பிரிக்காவும் 1955இல் செய்துகொண்ட சைமன்ஸ்டவுன் கடற்படை உடன்பாட்டுப் பின்னணியில் வாங்கியவற்றை, நிறவெறி அரசு அங்கோலாவின் தரைமீது குண்டு வீசப் பயன்படுத்தியது. 1978 மே 4 அன்று அந்நாட்டின் கசிங்கா ஊரைத் தாக்கிய விமானங்களில் பக்கனியர்களும் இருந்தன. எஞ்சின் விவரங்களில் மூழ்கி இதை விட்டுவிடும் கட்டுரையை நான் முழுமையானதாகக் கருத மாட்டேன்.

கப்பல்மீது அவை ஏவுகணை செலுத்தியதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1971இல் அகுல்யாஸ் முனையருகே தரைதட்டி, பின்னர் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்ட வாஃப்ரா என்ற எண்ணெய்க் கப்பல். அதை பக்கனியர்களே மூழ்கடித்தன என்று எழுதுவது பாதி உண்மைதான். ஏவுகணைகள் பட்டும் அது மிதந்துகொண்டிருந்தது. ஷேக்கிள்டன் என்ற கடல் ரோந்து விமானம் போட்ட ஆழ்நீர் வெடிகுண்டுகளுக்குப் பிறகே மூழ்கியது.