டயர் சைஸ் மாற்றும் முன் ஸ்பீடோமீட்டருக்கு ஒரு கணக்கு

ரிம்மைப் பெரிதாக்கினால் மீட்டர் தப்பாகக் காட்டும் என்பார்கள். பாதிதான் உண்மை. வீலோ கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோ எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, தயாரிப்பாளர் பதிந்து வைத்த டயர் சுற்றளவால் பெருக்குவதுதான் மீட்டரின் வேலை, ரிம் அதற்குத் தெரியவே தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது டயரின் வெளிவிட்டம்.

டயரில் 195/65 ஆர்15 என்று இருந்தால், அகலம் 195 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 126.75. இதை இரட்டித்து, 15 இன்ச் ரிம்முக்கான 381 மி.மீ.யைக் கூட்டினால் 634.5. இதே கணக்கில் 205/55 ஆர்16 வெறும் 631.9தான், ரிம் ஒரு இன்ச் கூடியும் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை! 215/60 ஆர்16 போட்டால் 664.4 ஆகிவிடும், 4.7 சதவீதம் பெரிது.

சரி, அதனால் என்ன? ஐ.நா.வின் 39ஆம் எண் விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம், அதுவும் 10 சதவீதமும் 4 கி.மீ.யும் வரை. அதனால் பல கார்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும். உங்கள் கார் எவ்வளவு கூட்டுகிறது என்பதைப் பழைய டயரிலேயே பார்த்துவிடுங்கள். நேரான சமமான சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கட்டும் (நீங்கள் படிக்காதீர்கள்). ஜிபிஎஸ் சற்றுத் தாமதமாகத்தான் காட்டும், எண் நிலைக்கும் வரை பொறுங்கள்.

உண்மையில் 100 போகும்போது மீட்டர் 105 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 105ஐப் பழைய விட்டத்தால் பெருக்கி, புதிய விட்டத்தால் வகுத்தால் 664.4 டயருக்கு 100 வருகிறது. மீட்டர் துல்லியமாகிவிட்டதே என்று சந்தோஷப்படலாம், ஆனால் அந்தப் பாதுகாப்பு இடைவெளி முழுதும் போய்விட்டது, இன்னும் பெரிய டயர் போட்டால் மீட்டர் 100 காட்டும்போது அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டரும் ஓடிய தூரத்தைக் குறைத்தே எண்ணும், மைலேஜ் குறைந்ததுபோல் தெரிவதில் ஒரு பங்கு இதனால்தான்.

அப்புறம் தேய்மானம். 8 மி.மீ. பள்ளம் உள்ள புது டயர் 1.6க்குத் தேய்ந்தால் விட்டம் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும், மீட்டர் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். அதனால் விட்ட வித்தியாசத்தை 3 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போவதானால் மீட்டர் அளவைத் திருத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள், நான்கு வீலும் சக்தி வாங்கும் காரில் முன்னும் பின்னும் வேறு வேறு விட்டம் போடவே போடாதீர்கள்.