மின்னஞ்சல் எங்கே நின்றது? சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள்களும் மருந்து தெளிக்கும் பம்புகளும் விற்கும் ஒரு கடையின் மெயில் சர்வரைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். "தம்பி, தோட்ட ஆபீசுக்கு விலைப்பட்டியல் போகலையாம்" என்று கடைக்கார அக்கா அழைத்தால், தொடக்கத்தில் சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குவதையே முதல் வேலையாகச் செய்துவந்தேன். அப்படிச் செய்வதால் பழுது சில நேரம் மறையுமே தவிர, அதன் காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்போது சர்வரைத் தொடுவதற்கு முன் யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் கேட்டுக்கொள்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இயங்கும் சர்வரில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. பெறுநரின் முகவரியை வைத்துச் சர்வரின் பதிவேட்டில் (லாக்) அந்த எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு அந்த எண்ணையே தேடினால், கடிதம் உள்ளே வந்தது முதல் வெளியேறியது வரையிலான பயணம் முழுவதும் தெரிந்துவிடும். பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லையென்றால், கடிதம் கடைக் கணினியை விட்டே கிளம்பவில்லை என்று பொருள். கடவுச்சொல்லையும், கடிதம் சர்வருக்குப் போகும் வழியான 587 என்ற போர்ட்டையும் அங்கே பாருங்கள். எதிர்முனைச் சர்வர் 250 என்று பதில் தந்திருந்தால், கடிதத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதன்பின் தோட்ட அலுவலகத்தின் ஸ்பேம் பெட்டியில் தேடச் சொல்ல வேண்டுமே ஒழிய, நம் சர்வரை நோண்டக் கூடாது.

4 என்று தொடங்கும் பதில் எண் தற்காலிக மறுப்பு. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை மறுபடியும் முயன்றுகொண்டிருக்கும். புதிய பெறுநருக்கு முதல் முறை அனுப்பும்போது 451 வந்தால் பெரும்பாலும் பொறுத்திருந்தாலே போதும். 5 என்று தொடங்குவது நிரந்தர மறுப்பு. கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். 552 வந்தால் கடிதத்தோடு இணைத்த கோப்பின் அளவைப் பாருங்கள். இத்தகைய கோப்புகள் மின்னஞ்சலில் ஏறும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 1,02,40,000 பைட் என்பதால், 8 எம்.பி. புகைப்படம் ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

ஒரு மாலை மழையில் விழுந்த இடி அந்தக் கடையின் மோடத்தைக் கருக்கிவிட்டது. மறுநாள் புது மோடம் வந்தது, இணையமும் வந்தது. ஆனால் ஜிமெயிலுக்கு அனுப்பியவை எல்லாம் 550 5.7.25 என்ற எண்ணோடு திரும்பின, வெளியிலிருந்து ஒரு கடிதமும் உள்ளே வரவில்லை. மோடத்தோடு, இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியும் மாறியிருந்ததை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இத்தகைய நிலையில் மூன்று இடங்களைத் திருத்த வேண்டும். முதலாவது, சர்வரின் பெயரைப் புதிய முகவரிக்குக் காட்டும் டி.என்.எஸ். பதிவு. இரண்டாவது, இந்த முகவரியிலிருந்து அனுப்ப அனுமதி உண்டு என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். பதிவு. மூன்றாவது, முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பி.டி.ஆர். பதிவு, 5.7.25 என்ற எண் சுட்டியது இதன் குறையைத்தான். இதை டொமைன் வாங்கிய இடத்தில் எவ்வளவு தேடினாலும் மாற்ற முடியாது, ஐ.பி. முகவரியைத் தரும் இணையச் சேவை நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் தொலைபேசியில் காத்திருந்த நேரத்தில் பாதி, பி.டி.ஆர். என்றால் என்னவென்று எதிர்முனைக்கு விளக்குவதிலேயே போயிற்று. உள்ளே வராமல் நின்ற கடிதங்களைப் பற்றி அக்கா கவலைப்பட்டார். அனுப்பும் சர்வர்கள் சில நாள் விடாமல் முயலும் என்பதால், முதல் பதிவைத் திருத்தியதும் அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: கடிதங்களைப் பெறுவதும் சேமிப்பதும் கடையிலேயே நடக்கட்டும், அனுப்புவதை மட்டும் கட்டணம் கொடுத்து, நம் கடிதங்களை வாங்கி நமக்காக அனுப்பித்தரும் ஒரு ரிலே சேவையின் வழியாகச் செய்யுங்கள். வீட்டு இணைப்புகளுக்குரிய ஐ.பி. தொகுதிகள் பலவும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப் பட்டியல்களில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றோடு போராடுவது வீண். ரிலேக்கு மாறும்போது எஸ்.பி.எஃப். பதிவில் அதையும் சேர்க்க வேண்டும். பலர் இங்கே இரண்டாவதாக ஒரு பதிவைப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. கடிதம் நம் டொமைனிலிருந்தே வந்தது என்று காட்டும் டிகிம் கையொப்பத்துக்கு 2048 பிட் சாவியைப் பயன்படுத்துங்கள். இந்தச் சோதனைகளில் தோற்கும் கடிதத்தை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் கொள்கையை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படித்த பிறகே இறுக்குங்கள்.

அனுப்பும் வரிசையில் வழக்கமாக ஐந்தாறு கடிதங்கள் இருக்கும் இடத்தில் திடீரெனச் சில ஆயிரம் நின்றால், ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் களவு போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அனுப்புவதை நிறுத்துங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, அந்த ஒருவர் பெயரில் நிற்கும் கடிதங்களை மட்டும் நீக்குங்கள். முழு வரிசையையும் அழித்தால் உண்மையான விலைப்பட்டியல்களும் சேர்ந்து போய்விடும். அவருடைய பெட்டியிலிருந்து வேறு முகவரிக்குக் கடிதங்களைத் திருப்பிவிடும் விதி ஏதேனும் புகுந்திருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்கள். தடைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கேட்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

மின்வெட்டுக்குப் பிறகு, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் செல்லாது என்று எல்லாக் கணினிகளும் ஒருசேர முறையிட்டால், சான்றிதழைப் புதுப்பிக்க ஓடுவதற்கு முன் சர்வரின் தேதியைப் பாருங்கள். பழைய சர்வர் கணினிகளில் மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் குறுகிய காலத்துக்கே உரியது. அதன் தானியங்கிப் புதுப்பிப்பு தோற்றிருந்தால், போர்ட் 80 மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இணையக் கணக்கு எண், ஐ.பி. முகவரி, பி.டி.ஆர். பெயர், டொமைன் புதுப்பிக்கும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள். இடி விழுந்த அன்று எங்களுக்கு அவையெல்லாம் தேவைப்பட்டன. அவை இருந்ததோ, திறக்க முடியாமல் நின்ற அதே மின்னஞ்சல் பெட்டியில்.