எஃப்டி8: இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் செய்தியைப் பிடிப்பது எப்படி?

1901 டிசம்பர் 12. இன்றைய கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில், சிக்னல் ஹில் மேட்டில், பட்டம் தூக்கிப் பிடித்த கம்பியே ஆன்டெனா. இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளிகள், அதாவது மோர்ஸ் எழுத்து 'எஸ்', காதில் விழுந்ததாக மார்க்கோனி சொன்னார். அது சிக்னலா, வெறும் இரைச்சலா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. காது மட்டும்தானே சாட்சி!

எஃப்டி8 என்பது கணினி உதவியோடு குறுஞ்செய்திகளை ரேடியோவில் அனுப்பும் டிஜிட்டல் முறை. அந்தச் சந்தேகத்துக்கு இது அநேகமாக இடமே வைப்பதில்லை. 2017-ல் இதை உருவாக்கியவர்கள் ஸ்டீவன் ஃபிராங்க், ஜோ டெய்லர் என்ற இரு ஹாம்கள், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள். டெய்லர் 1993-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். 77 பிட் செய்தியோடு 14 பிட் சரிபார்ப்பும் 83 பிட் பிழைதிருத்தமும் சேர்ந்து போகின்றன. சரிபார்ப்பு பொருந்தினால்தான் செய்தி திரையில் ஒரு வரியாக வரும். இரைச்சலைவிட 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலையும் இது படித்துவிடும்.

முதலில் கேட்க மட்டும் பழகுங்கள். ஒலிபரப்ப உரிமம் கட்டாயம்.

தேவையானவை: எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதியுள்ள சிற்றலை ரிசீவர், கணினி, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, 3.5 மி.மீ. ஆடியோ கேபிள், 11 மீட்டர் செம்புக் கம்பி, ஆர்ஜி-58 கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்). மடிக்கணினியின் ஒற்றை ஹெட்செட் துளையை நம்ப வேண்டாம். சாதாரண கேபிளைச் செருகினால் பல கணினிகள் அதை மைக்காகவே ஏற்காது.

1. கம்பியிலிருந்து 5.08 மீட்டரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். கோஆக்ஸின் நடுக்கம்பியை ஒன்றிலும் வலையை மற்றதிலும் பற்றவைத்து, மொட்டைமாடியில் நேர்க்கோட்டில் கட்டுங்கள். கோஆக்ஸின் மறுமுனை ரிசீவரின் ஆன்டெனா துளைக்கு. எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

2. ரிசீவரை 14.074 மெகாஹெர்ட்ஸில், யுஎஸ்பி முறையில் வையுங்கள். இந்த யுஎஸ்பி 'அப்பர் சைட்பேண்ட்'. கணினித் துளை அல்ல. இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அது சிக்னலையும் சேர்த்தே தின்றுவிடும்.

3. ரிசீவரின் ஒலி வெளியீட்டை ஆடியோ கேபிளால் சவுண்ட் கார்டின் மைக் துளையில் இணையுங்கள். எஃப்டி8-ஐப் படிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளை நிறுவி, அமைப்புகளின் ரேடியோ பகுதியில் 'நன்', ஆடியோ உள்ளீட்டில் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். கிரிட் குறி, அதாவது உலக வரைபடக் கட்டத்தில் உங்கள் இடத்தின் குறி, சென்னையென்றால் என்கே03, மதுரையென்றால் எம்ஜே99.

4. வெறும் இரைச்சல் வரும்போது இடது கீழ் அளவுமானி 30 டெசிபலைக் காட்டும்படி ஒலியைத் திருப்புங்கள். சிவப்பானால் ஒலி அதிகம். வலுவான சிக்னல் சிதைந்து பக்கத்திலிருப்பதை மறைத்துவிடும்.

5. கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசையுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு நிமிடத்தின் 0, 15, 30, 45-ஆம் நொடியை ஒட்டி ஒலிபரப்பு தொடங்கி 12.64 நொடி நீடிக்கும். உங்கள் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும்.

'மானிட்டர்' பொத்தானை அழுத்துங்கள். சிக்னல்களைப் படமாகக் காட்டும் 'வாட்டர்ஃபால்' சாளரத்தில் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் கோடுகள் விழும். ஒவ்வொரு 15 நொடியின் முடிவிலும் வரிகள் வரும். 'சிக்யூ' என்று தொடங்குவது பொது அழைப்பு. அடுத்தது அழைப்புக்குறி, அதாவது அந்த நிலையத்தின் அடையாளப் பெயர், பிறகு கிரிட்.

கோடு தெரிந்தும் வரி வரவில்லையா? ஆன்டெனாவைத் தொடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வரி வந்தால், நேர வித்தியாசத்தை நொடியில் காட்டும் 'டிடி' நெடுவரிசையைக் கவனியுங்கள். ஒரே ஒரு நிலையம் 1.5 காட்டினால் தவறு அந்த நிலையத்தில். எல்லா வரியும் 1.5 காட்டினால் தவறு உங்கள் கணினியில்.