"இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம்" என்ற பேச்சில் நழுவும் ஆண்டுகள்

அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு காலத்தில், நுண்ணறிவு எண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால்தான் கற்றல் குறைபாடு என்பார்கள். எழுத்துக்கூட்டத் திணறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அந்த இடைவெளி விழும்வரை தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டமான 'ஐடியா' (IDEA), 2004-ல் திருத்தப்பட்டபோது அந்தக் கட்டாயத்தை நீக்கியது. கூடுதல் பயிற்சி கொடுத்து, பிள்ளை எப்படித் தேறுகிறது என்று பார்த்தும் கண்டறியலாம் என்றது. இந்த முறைக்கு ஆர்.டி.ஐ. (Response to Intervention, பயிற்சிக்குப் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்ப்பது) என்று பெயர்.

நல்ல முறைதான். ஆனால் வகுப்பு முழுவதற்கும், பிறகு சிறு குழுவில், பிறகு இன்னும் தீவிரமாக என்று போகும் மூன்று அடுக்குப் பயிற்சியும் முடிந்தால்தான் குறைபாட்டுக்கான பரிசோதனை என்று பல இடங்களில் பெற்றோரைத் திருப்பி அனுப்பினார்கள். இதுதான் மிகப் பெரிய தவறு. பயிற்சியைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறையே 2011 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பள்ளி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒப்புதல் தந்தபின், மாநிலம் வேறு கெடு வைத்திருந்தாலன்றி, 60 நாளில் முடிக்க வேண்டும்.

அடுத்தது, நடக்காத பயிற்சியை நடந்ததாகக் கணக்கு வைப்பது. வாரம் நான்கு நாள் என்று அட்டவணையில் இருக்கும். ஆசிரியர் விடுப்பு, தேர்வு, விழா என்று இரண்டு நாள்தான் நடந்திருக்கும். அதை வைத்துப் பிள்ளை தேறவில்லை என்பது அநியாயம். வருகைப் பதிவைப் போலப் பயிற்சிப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

"முன்னேற்றம் இருக்கிறதே" என்ற சொல்லிலும் ஏமாறக்கூடாது. பத்து வாரத்தில் பிள்ளை வாசிப்பது நிமிடத்துக்கு 25 சொல்லிலிருந்து 31-க்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். அதே காலத்தில் வகுப்புச் சராசரி 50-லிருந்து 65-க்குப் போயிருந்தால், இடைவெளி 25-லிருந்து 34 ஆகிவிட்டது. ஒரு நாள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, வாராவாரம் போட்ட வரைபடத்தைப் பாருங்கள்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் இடி. ஆங்கிலம் போதாததையே குறைபாடு என்று முத்திரை குத்துவது ஒன்று. சட்டமே அதை அனுமதிப்பதில்லை. "ஆங்கிலம் வரட்டும், சரியாகிவிடும்" என்று உண்மையான குறைபாட்டைக் கவனியாமல் விடுவது மற்றொன்று. 'அம்மா' எந்த ஒலியில் தொடங்குகிறது என்று தமிழிலேயே சொல்லத் தடுமாறுகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்புச் சிக்கல் இருந்ததா என்பதைப் பள்ளி கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.