முழுவாய்ப் பல் மறுசீரமைப்பு: ஸ்கேன் பிசகாமல் எடுக்க

முழு வாய்க்கும் கிரவுன் (பல்லின் மேல் பொருத்தும் உறை) வைக்கும்போது, வாய்க்குள் சிறு கேமரா விட்டு எடுக்கும் ஸ்கேனிலேயே பிழை நுழைந்துவிடலாம். எச்சிலைத் துடைத்துப் பற்களை உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் ஸ்கேனில் பல்லின் விளிம்பு மங்கும். கடைவாய்ப் பல்லில் தொடங்கி மெல்லும் பரப்பு வழியே மறுகோடி வரை போங்கள். பிறகு நாக்குப் பக்கம், கடைசியில் கன்னப் பக்கம். வரிசை குலைந்தால், படங்கள் ஒட்டும்போது சிறு பிழைகள் சேர்ந்து பல்வரிசை வளைவே கோணிவிடும். பல்லே இல்லாத ஈறில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) என்றால் ஆபத்து இன்னும் அதிகம், மென்பொருள் பிடித்துக்கொள்ள அடையாளம் குறைவு. அங்கே வெரிஃபிகேஷன் ஜிக் (இம்பிளான்ட்களை இணைத்து அவற்றின் இடம் சரியா என்று பார்க்கும் சட்டம்) வைத்துச் சரிபார்க்காமல் இறுதி பிரிட்ஜுக்கு, அதாவது இணைந்த பல்வரிசைக்கு, போகவே கூடாது.

கடி உயரத்தை (பற்களைக் கடிக்கும்போது மேல், கீழ்த் தாடைகளுக்கு இடையே உள்ள உயரம்) கூட்டினால், முதலில் பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த தற்காலிகப் பற்களைச் சில வாரம் அணியவிடுங்கள். தாடை வலியோ பேச்சுத் தடுமாற்றமோ வந்தால் அதில் திருத்துவது எளிது. பழகிய அந்தப் பற்களையே மறுபடி ஸ்கேன் செய்து, அதே வடிவில் சிர்கோனியாவை (உறுதியான பீங்கான் வகை) மில் செய்யுங்கள், அதாவது இயந்திரத்தில் கடைந்தெடுங்கள்.